உள் விசாரணை நடத்துவது எப்படி: முதல் முறை விசாரணை அதிகாரியாக அமர்பவருக்கு முழுமையான வழிகாட்டி

ஆலையிலோ அலுவலகத்திலோ ஒரு பணியாளர் மேல் குற்றச்சாட்டு. நிர்வாகம் உங்களை விசாரணை அதிகாரியாக நியமித்து, ஓர் உத்தரவும் ஒரு கோப்பும் கையில் கொடுத்திருக்கிறது. இனி என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. கொங்குப் பகுதி ஆலைகளில் பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டதையும் தடுமாறியதையும் பார்த்திருக்கிறேன்.

தடுமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. விசாரணை அதிகாரி என்றால் கேள்வி கேட்பவர் என்று நினைத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்க வேண்டியவர்கள் நிர்வாகத் தரப்பும் பணியாளர் தரப்பும். யார், யாரிடம், எப்போது கேட்பது என்ற வரிசையைக் காப்பதும், வருகிற பதிலைக் காது கொடுத்துக் கேட்டுப் பதிவு செய்து எடை போடுவதும் உங்கள் வேலை. இந்த வரிசை குலைந்தால், குற்றம் நிஜமாகவே நடந்திருந்தாலும் விசாரணை செல்லாமல் போய்விடும். குற்றம் நடக்காமலிருந்தால் இன்னும் மோசம்: ஒரு குடும்பத்தின் சம்பளம் வீணாக நின்றுபோகும்.

1. உத்தரவை ஏற்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

சம்பவத்தை நீங்கள் பார்த்தீர்களா? புகார் கொடுத்தவருக்குக் கீழே வேலை செய்கிறீர்களா? குற்றச்சாட்டுக் குறிப்பாணையை (பணியாளர் மீதான குற்றச்சாட்டுகளை எழுதிக் கொடுக்கும் கடிதத்தை) எழுதியதில் உங்கள் கை இருந்ததா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும், அதை எழுத்தில் சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில், சம்பவத்தோடு தொடர்புடைய மேலாளர்களே விசாரணையிலும் அமர்ந்தார்கள். 1963-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவர் தீர்ப்பு சொல்லும் இடத்தில் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவருக்கு அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியே கிடையாது.

இன்னொன்று. புகார் பாலியல் தொல்லை பற்றியது என்றால் கோப்பைத் திருப்பிக் கொடுங்கள். அதை விசாரிக்க வேண்டியது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழு. அந்தப் பாதை வேறு.

2. குற்றச்சாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தல்

குறிப்பாணையை ஒரு தடவை படித்துவிட்டு மூடி வைக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு செயலையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். "இரண்டாவது ஷிப்டில் அனுமதியின்றி மெஷினை விட்டு வெளியேறி, திரும்ப வந்து, கேள்வி கேட்ட மேற்பார்வையாளரைத் தகாத வார்த்தைகளால் திட்டிக் கை ஓங்கினார்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் நான்கு செயல்கள் இருக்கின்றன: வெளியேறியது, அனுமதி இல்லாதது, திட்டியது, கை ஓங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும். வெளியேறியதைக் கேட் பதிவேடு காட்டும், கை ஓங்கியதைக் காட்டாது.

இந்தத் தாள்தான் கடைசி வரை உங்களுக்குத் துணை. எந்தச் சாட்சி எந்த வரியைப் பற்றிப் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டே வரலாம். அறிக்கை எழுதும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

"ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்" என்று மட்டும் சொல்லி, தேதி, நேரம், இடம், வார்த்தை எதுவும் இல்லாத குறிப்பாணை வந்தால் என்ன செய்வது? நீங்களே விவரம் சேர்க்கக் கூடாது. புதியவர்கள் உதவி செய்கிற எண்ணத்தில் அப்படிச் செய்துவிடுகிறார்கள். திருத்திக் கொடுக்கும்படி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாத ஆளை எந்தக் கேள்வி கேட்டும் பயனில்லை.

3. அறிவிப்பும் அறையும்

அறிவிப்பில் தேதி, நேரம், இடம், நிர்வாகத் தரப்புச் சாட்சிகளின் பட்டியல், ஆவணங்களின் பட்டியல், உதவிக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்ற வரி, எல்லாம் இருக்கட்டும். ஆவண நகல்கள் விசாரணை நாளுக்கு முன்பே அவர் கையில் சேர வேண்டும். அன்று காலையில் கொடுத்துவிட்டு "படிச்சுப் பாருங்க" என்பது வாய்ப்புக் கொடுத்ததாகாது.

உதவிக்கு யார் வரலாம் என்பதை நிறுவனத்தின் நிலையாணைகள், அதாவது வேலை விதிகள், சொல்லும். பெரும்பாலும் சக தொழிலாளி அல்லது சங்கப் பொறுப்பாளர். வழக்கறிஞர் பொதுவாக இல்லை. ஆனால் நிர்வாகம் சட்டம் படித்தவரைத் தன் பிரதிநிதியாக உட்கார வைத்துவிட்டு, பணியாளருக்கு மட்டும் மறுக்க முடியாது. பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழக வழக்கில் 1983-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

பணியாளர் பணியிடை நீக்கத்தில் இருந்தால், பிழைப்பூதியம் (அந்தக் காலத்தில் தரப்படும் குறைந்த சம்பளம்) வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். தொழிலாளர்களுக்கு முதல் 90 நாள் சம்பளத்தில் 50 சதவீதம், அதன் பிறகும் தாமதம் அவரால் ஏற்படாவிட்டால் 75 சதவீதம். இதைக் கேட்பது இரக்கத்துக்காக மட்டும் இல்லை. கோலார் தங்க வயல் வழக்கு ஒன்றில், ஊதியம் கிடைக்காமல் கேரளாவிலிருந்து விசாரணைக்கு வர முடியாமல் போனவரைத் தவிர்த்துவிட்டு ஒருதலைப்பட்சமாக விசாரணை முடித்தார்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையைச் செல்லாததாக்கியது. பஸ்ஸுக்குக் காசில்லாதவருக்கு நோட்டீஸ் அனுப்பி என்ன பயன்?

அப்புறம் அறை. மேலாளரின் கேபின் வேண்டாம். நடுவில் மேசை, ஒரு பக்கம் நிர்வாகப் பிரதிநிதி, எதிர்ப்பக்கம் பணியாளரும் உதவியாளரும், தலைப்பக்கம் நீங்கள், சாட்சிக்கு உங்கள் பார்வையில் படும்படி ஒரு நாற்காலி. எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. நிர்வாகத்தாரோடு ஒரே காரில் வந்து இறங்காதீர்கள். இடைவேளையில் அவர்கள் அறைக்குள் போய் டீ குடிக்காதீர்கள். அங்கே வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டீர்கள். ஆனால் கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

வட மாநிலத் தொழிலாளி என்றால் அவருடைய மொழி தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மொழிபெயர்ப்பவர் அந்தப் பிரிவின் மேஸ்திரியாகவோ லேபர் கான்ட்ராக்டராகவோ இருக்கக் கூடாது. எந்த மொழியில் விளக்கப்பட்டது, யார் விளக்கினார் என்பதைப் பதிவில் எழுதி, இருவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.

4. முதல் நாள்: குற்றச்சாட்டை வாசித்தல்

முதல் நாள் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு குற்றச்சாட்டாகப் படித்து விளக்கிவிட்டு, "இதை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை மறுக்க அவருக்கு இடம் வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. "ஆமாங்க, வெளியே போனேன். மேஸ்திரிதான் கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று பதில் வரும். புதியவர் உடனே "ஒப்புக்கொண்டார்" என்று எழுதுவார். இது ஒப்புதல் ஆகாது. வெளியேறியதை ஏற்கிறார், அனுமதி இல்லை என்பதை மறுக்கிறார். மறுத்ததாகவே எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடருங்கள். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்.

முழுமையாக ஒப்புக்கொண்டாலும் அவசரப்படாதீர்கள். "மன்னிப்புக் கேட்டா விட்டுருவாங்கன்னு சொன்னாங்க" என்று பின்னால் சொல்லும் நிலை அடிக்கடி வரும். யாராவது வாக்குறுதி தந்தார்களா, என்ன விளைவு வரலாம் என்று தெரியுமா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

5. நிர்வாகத் தரப்பு முதலில், எப்போதும்

வரிசையில் மாற்றவே கூடாத படி இது. நிர்வாகச் சாட்சிகள் முதலில். ஒவ்வொருவரையும் பணியாளர் தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பணியாளர் பேச வேண்டும்.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். பணியாளரை முதலில் உட்கார வைத்து, "அன்னைக்கு எங்கே போனீங்க? ஏன் போனீங்க? யார்கிட்ட கேட்டீங்க?" என்று அடுக்குவார்கள். உண்மையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் ஆர்வம். ஆனால் குற்றம் சொன்னவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எதிரில் என்ன சான்று இருக்கிறது என்று தெரியாமலே ஒருவரைப் பேச வைத்து, அவர் வாயிலிருந்தே வழக்கைக் கட்டுவது நியாயம் இல்லை. அசோசியேட்டட் சிமென்ட் நிறுவன வழக்கில், விசாரணை தொழிலாளியைக் கேள்வி கேட்பதிலிருந்தே தொடங்கியதை உச்ச நீதிமன்றம் குறையாகச் சுட்டிக்காட்டியது. முதலில் நிர்வாகச் சாட்சியம், பிறகு குறுக்கு விசாரணை, அதன் பிறகே தொழிலாளியின் விளக்கம் என்று வரிசையையும் சொன்னது.

6. சாட்சியிடம் முதல் விசாரணை

அடுத்து வரவேண்டிய சாட்சிகள் வெளியே காத்திருக்கட்டும். முன்னவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வருபவர், தெரிந்தோ தெரியாமலோ அதையே சொல்வார்.

நிர்வாகப் பிரதிநிதி தன் சாட்சியிடம் கேட்கும்போது, பதிலை உள்ளே வைத்துக் கேட்க விடாதீர்கள். "இவர் உங்களைத் திட்டிவிட்டுக் கை ஓங்கினார், இல்லையா?" என்று கேட்டால் சாட்சி "ஆமாம்" என்பார். அப்போது சாட்சி சொன்னவர் உண்மையில் பிரதிநிதிதான். "அப்போது என்ன நடந்தது?" என்று கேட்கட்டும். சாட்சி தன் வார்த்தையில் சொல்லட்டும். தன் வார்த்தையில் சொல்பவரிடம் நேரம், இடம், யார் எங்கே நின்றார்கள் என்ற சின்னச் சின்ன விவரங்கள் தானாக வரும். குறுக்கு விசாரணையில் சோதிக்க வேண்டியவை அந்த விவரங்கள்தான்.

"நேரில் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?" என்பது ஒவ்வொரு சாட்சியிடமும் தெளிவாக வேண்டும். பிரதிநிதி கேட்காவிட்டால் முடிவில் நீங்கள் கேட்கலாம். "அவர் கெட்ட வார்த்தை பேசினார்" என்று மட்டும் சாட்சி சொன்னால், என்ன வார்த்தை என்று கேட்டு அதையே எழுதுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எது தகாத வார்த்தை என்பதைச் சாட்சி தீர்மானிக்க முடியாது.

முன்கூட்டியே எழுதி வாங்கிய வாக்குமூலத்தைக் கொண்டுவந்து, "இது உங்களுடையதுதானே? சரியா?" என்று கேட்டு முடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நகலை முன்பே கொடுத்து, சாட்சியைக் குறுக்கு விசாரணைக்கும் நிறுத்தினால் சட்டம் அதை அனுமதிக்கிறது. இருந்தாலும் எனக்கு அது பிடிக்காது. எழுதியதை ஒப்புக்கொள்வதும், ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வதும் வேறு வேறு. நேரே சொல்லச் சொன்னபோது பாதி வாக்குமூலத்தை விட்டுவிட்ட சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணங்களுக்கும் இதுதான். கேட் பதிவேட்டைக் கோப்பில் செருகி வைத்தால் போதாது. அதை எழுதியவரோ பொறுப்பில் வைத்திருப்பவரோ வந்து, இது இன்னது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் சான்றாவண எண் கொடுங்கள்.

7. குறுக்கு விசாரணை

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் உண்மை வெளியே வருகிறது. பெரும்பாலான விசாரணைகள் கெட்டுப்போவதும் இங்கேதான்.

பணியாளரோ அவருடைய உதவியாளரோ சட்டம் படித்தவர் இல்லை. "குறுக்கு விசாரணை செய்கிறீர்களா?" என்று கேட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்பார். உடனே "குறுக்கு விசாரணை இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த சாட்சியை அழைப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. நான் அமர்ந்த ஒரு விசாரணையில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி அப்படித்தான் சொன்னார். "இவங்க இப்ப சொன்னதுல எது சரி, எது தப்புன்னு உங்களுக்குத் தெரியும். தப்புன்னு நினைக்கறதப் பத்தி இவங்ககிட்டயே கேள்வி கேக்கலாம்" என்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, அன்னைக்கு நீங்க எந்த ஷிப்ட்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சாட்சி அன்று முதல் ஷிப்ட். சம்பவம் இரண்டாவது ஷிப்டில் நடந்தது. வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தோம். தொழிலாளி கேட்டதுதான் சரி.

அவர் கேட்காமல் போயிருந்தால் அந்தச் சாட்சியம் மறுக்கப்படாத சாட்சியமாகப் பதிவில் நின்றிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

அடுத்த சிக்கல், கேள்விக்குப் பதிலாக வாக்குவாதம். "நீ பொய் சொல்ற!" என்று பணியாளர் கத்துவார். அவரை அதட்டி உட்கார வைக்காதீர்கள். அவர் சொல்ல வந்ததைக் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். எது பொய்? "நான் அப்போ அங்கேயே இல்லை" என்பதா? அப்படியென்றால், "சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நேரத்தில் நான் அங்கே இல்லை என்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். கேள்வியின் உள்ளடக்கம் அவருடையதாக இருக்க வேண்டும். வடிவத்துக்கு மட்டும் நீங்கள் உதவலாம். உள்ளடக்கத்தையும் நீங்களே கொடுத்தால் நிர்வாகத் தரப்பு ஆட்சேபிக்கும், அது நியாயமான ஆட்சேபமும்கூட.

உதவியாளராக வரும் சங்கத் தோழர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஒரு கேள்வியில் ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். "நீங்கள் தள்ளி நின்றீர்கள், மெஷின் சத்தம் வேறு, அதனால் காதில் விழுந்திருக்காது, சரிதானே?" என்று கேட்டால் சாட்சி தனக்குப் பிடித்த பகுதிக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வார். மூன்றாகப் பிரியுங்கள்: எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்? மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா? காதில் அடைப்பான் போட்டிருந்தீர்களா? அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அப்புறம் எப்படிக் கேட்டது?" என்று நான்காவதாகக் கேட்டால், சாட்சிக்கு விளக்கம் சொல்ல நீங்களே வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும்.

தோழர்களே, உங்கள் தரப்பின் கதை என்னவோ, அதை அந்தச் சாட்சியிடமே சொல்லிக் கேட்டுவிடவும் வேண்டும். சாட்சி போன பிறகு முதல் முறையாக அதைச் சொன்னால், ஏன் அவரிடமே கேட்கவில்லை என்ற கேள்வி எழும்.

விசாரணை அதிகாரி தடுக்க வேண்டிய கேள்விகளும் உண்டு. சாட்சியின் குடும்பம், சாதி, சொந்த நடத்தை என்று குற்றச்சாட்டுக்குத் தொடர்பில்லாமல் போவதை அனுமதிக்காதீர்கள். தடுத்த கேள்வியையும், தடுத்த காரணத்தையும் பதிவில் எழுதுங்கள். எழுதாமல் தடுத்தால், வாய்ப்பு மறுத்தீர்கள் என்று பிறகு சொல்வார்கள், உங்களிடம் பதில் இருக்காது.

குறுக்கு விசாரணை முடிந்ததும், அதில் குழப்பமானதைத் தெளிவாக்க மட்டும் நிர்வாகப் பிரதிநிதி மறு விசாரணை செய்யலாம். புதிய விஷயம் நுழைந்தால் மீண்டும் குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுங்கள்.

8. நீங்கள் கேட்கலாமா?

தெளிவுக்காகக் கேட்கலாம். "வாசல் என்றீர்களே, முன் வாசலா, பின் வாசலா?" இது தெளிவு. "கேமராவில் பதிவான பிறகும் ஏன் மறுக்கிறீர்கள்?" இது வழக்கு நடத்துவது. நிர்வாகப் பிரதிநிதி கேட்க மறந்த கேள்வி உங்களுக்குத் தோன்றும், நாக்கு நுனியில் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். விசாரணை அதிகாரி நடுநிலையானவர், துறையின் பிரதிநிதி ஆக முடியாது என்று உத்தரப் பிரதேச அரசு – சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நிர்வாகப் பிரதிநிதி என்று யாரையும் நியமிக்காத விசாரணைகளில் இந்த ஆபத்து அதிகம். அங்கே கேள்வி கேட்கும் வேலை முழுக்க உங்கள் தலையில் விழும். ஒருவரை நியமிக்கச் சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்குங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிறகு இரு தரப்புக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்து, அதையும் எழுதிவிடுங்கள்.

9. பதிவு

முதல் விசாரணையைச் சாட்சி சொல்வது போலத் தொடர் உரையாக எழுதலாம். குறுக்கு விசாரணையை மட்டும் கேள்வி–பதிலாக எழுதுங்கள். "தெரியாது" என்ற பதிலுக்கு, எந்தக் கேள்விக்குத் தெரியாது என்றார் என்பது தெரியாமல் மதிப்பே இல்லை.

பேச்சு மொழியை இலக்கணத் தமிழாக்கித் திருத்தாதீர்கள். "அடிக்கற மாதிரி வந்தாரு" என்பதை "தாக்க முற்பட்டார்" என்று எழுதினால் பொருளே மாறிவிடுகிறது. அழுதது, பதில் சொல்லாமல் இருந்தது, இடையில் எழுந்து போனது, இவையும் பதிவாகட்டும். நாள் முடிவில் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோருடைய கையெழுத்தையும் வாங்கி, நகலை அன்றைக்கே கொடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம்.

10. பணியாளர் தரப்பு

இப்போதுதான் அவர் முறை. அவர் விரும்பினால் தானே சாட்சி சொல்லலாம், மற்றவர்களையும் அழைக்கலாம். பேசாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் கேட்கும் ஆவணம் நிறுவனத்திடம் இருந்தால் தரச் சொல்லுங்கள். அவருடைய சாட்சி ஷிப்டில் இருந்தால் விடுவிக்கச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்குக் கொடுத்த அதே அவகாசத்தை இவருக்கும் கொடுங்கள்.

11. அவர் வரவே இல்லை என்றால்

ஒரு தடவை வராததற்கே ஒருதலைப்பட்சமாக முடித்துவிடாதீர்கள். பதிவுத் தபாலில் மறுபடி அறிவிப்பு அனுப்பி, வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரணை நடக்கும் என்று எழுதுங்கள். அப்படியும் வராவிட்டால் விசாரணையை நடத்தலாம். ஆனால் சாட்சிகளை அழைத்து, சாட்சியம் பதிவு செய்து, ஆவணங்களைக் குறியிட்டே ஆக வேண்டும். "வரவில்லை, எனவே குற்றச்சாட்டு நிரூபணமானது" என்று ஒரே வரியில் முடிந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். வராதது எதையும் நிரூபிக்காது.

12. அறிக்கை

இரண்டாவது படியில் எழுதிய தாளை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும்: நிர்வாகம் காட்டிய சான்று, பணியாளர் சொன்ன பதில், எதை ஏற்கிறீர்கள், ஏன். இந்த "ஏன்" இல்லாத அறிக்கை நிற்காது. குற்றவியல் நீதிமன்றத்தைப் போலச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்கக் கூடும் என்பதற்குச் சான்றின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் சான்று என்று ஒன்று இருக்க வேண்டும். சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் சான்றாகிவிடாது.

பதிவில் இல்லாத எதையும் அறிக்கையில் கொண்டுவராதீர்கள். அவருடைய பழைய எச்சரிக்கைக் கடிதங்கள், நீங்கள் வளாகத்தில் காதால் கேட்டது, இவையெல்லாம் வெளியே. நான்கு செயல்களில் இரண்டு மட்டும் நிரூபணமானால் இரண்டு என்றே எழுதுங்கள்.

தண்டனை பற்றி எழுத வேண்டாம். அதை முடிவு செய்வது தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர். அவரும் உங்கள் அறிக்கையின் நகலைப் பணியாளருக்குக் கொடுத்து, அவர் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது 1993-ல் இசிஐஎல் (எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா) – கருணாகர் வழக்கில் உறுதியானது. எனவே ஒப்படைக்கும் உறையில் அறிக்கைக்குக் கூடுதலாக ஒரு நகலும் வையுங்கள். பக்க எண் போட்ட விசாரணைப் பதிவு, சான்றாவணங்கள், அனுப்பிய அறிவிப்புகளின் தபால் ரசீதுகள், பணியாளர் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "நீங்களே சொல்லுங்க சார், வேலைய விட்டு எடுத்துரலாமா?" என்று அந்த நேரத்தில் கேட்பார்கள். அறிக்கையில் இருப்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாமல் கிளம்பிவிடுங்கள்.